மக்னீசியம், இரும்பு, ஒரு வரைபடம்: பால்வழியின் வரலாற்றை வாசிக்கும் முறை

மக்னீசியம் பெரும்பாலும் கனத்த விண்மீன்கள் வெடிப்பதால் வருகிறது. அவை சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். இரும்பின் பெரும்பங்கைத் தருபவை வெடிக்கும் வெள்ளைக் குள்ளன்கள், அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் சுருங்கிய எச்சங்கள். அவை நிதானமாக, பல நூறு கோடி ஆண்டுகள் வரைகூட எடுத்துக்கொள்ளும். முதலில் மக்னீசியம், பிறகே இரும்பு: இந்தத் தாமதம்தான் நம் கடிகாரம். விண்மீனின் மேற்பரப்பில் அது பிறந்த வாயுவின் கலவை ஏறக்குறைய அப்படியே தங்கியிருப்பதால் அதைப் படிக்க முடிகிறது.

படி 1: ஸ்லோன் (SDSS) என்ற வானளவை ஆய்வின் 17ஆம் தரவு வெளியீட்டில் (2021) உள்ள, விண்மீன்களின் நிறமாலையை அளக்கும் அபோஜி (APOGEE) திட்டத்தின் 'ஆல்ஸ்டார் லைட்' (allStarLite) கோப்பை இறக்குங்கள். ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள், இலவசம். திறக்க டாப்கேட் (TOPCAT) மென்பொருள் போதும்.

படி 2: வடிகட்டுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் கெடுவது இங்கேதான். சிக்னல்-இரைச்சல் விகிதம் 100க்கு மேல், வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வின், மேற்பரப்பு ஈர்ப்பின் மடக்கை 1 முதல் 2.5. அதாவது செம்பெருவிண்மீன்கள் (முதுமையில் ஊதிப் பெருத்தவை) மட்டும். குள்ள விண்மீன்களையும் (வெள்ளைக் குள்ளன்கள் அல்ல, சூரியனைப் போல இன்னும் ஊதாதவை) சேர்த்தால், அளவீட்டுப் பிழை இரு வகைக்கும் வேறுபடுவதால் இல்லாத கோடு ஒன்று தெரியும். 'மோசம்' என்று குறியிட்டவற்றையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்குங்கள்.

படி 3: கிடையச்சில் இரும்பு/ஹைட்ரஜன் (-2 முதல் 0.5), நிலையச்சில் மக்னீசியம்/இரும்பு (-0.2 முதல் 0.5). இரண்டும் சூரியனோடு ஒப்பிட்ட மடக்கை அளவுகள்: -1 என்றால் பத்தில் ஒரு பங்கு, +0.3 என்றால் இரு மடங்கு.

இப்போது பாருங்கள். இடப்பக்கம் +0.3 அருகே ஒரு மேடு. அது வெள்ளைக் குள்ளன்கள் கைவைக்காத காலம். பிறகு இரும்பு பெருகப் பெருகக் கோடு சரிகிறது. கீழே, சூரியன் இருக்கும் (0, 0) புள்ளியின் பக்கமாக, இன்னொரு தடம் தனியாக ஓடும்! ஏன் இரண்டு என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை.

படி 4: புள்ளிகளுக்கு அலுமினியம்/இரும்பு விகிதத்தால் நிறம் கொடுங்கள். இரும்பு -1.2 அருகே, மேட்டுக்குக் கீழே, அலுமினியம் 0க்கும் குறைந்த கூட்டம் ஒன்று பிரிந்து தெரியும். இவற்றில் பெரும்பாலானவை சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வழி விழுங்கிய கயா-என்செலாடஸ் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில் பிறந்தவை. அங்கே விண்மீன்கள் மெதுவாகப் பிறந்ததால், இரும்பு அதிகம் சேரும் முன்பே கோடு சரியத் தொடங்கிவிட்டது.

கார்பனையும் நைட்ரஜனையும் இதே முறையில் வாசிக்காதீர்கள். செம்பெருவிண்மீன்களில் உள்ளிருந்து கலந்து மேலே வரும் பொருள் அவற்றின் அளவை மாற்றிவிடுகிறது. புள்ளிகளின் அடர்த்தியை உண்மையான எண்ணிக்கையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த விண்மீன்களைப் பார்ப்பது என்று ஆய்வுக் குழு முன்பே தேர்ந்தெடுத்த பட்டியல் இது.