மணற்கல்லில் எண்ணெய் தேடும்போது சறுக்கும் இடங்கள்

அருகருகே இரண்டு கிணறுகள். இரண்டிலும் ஒரே ஆழத்தில் பத்து மீட்டர் மணற்கல். உடனே வரைபடத்தில் ஸ்கேலை வைத்து, ஒரே அடுக்கு என்று ஒரு கோட்டால் இணைத்துவிடுகிறோம். பாதித் தவறுகள் இந்தக் கோட்டில்தான் தொடங்குகின்றன. அலை பரப்பிய கரையோர மணல் என்றால் கோடு சரியாகவே இருக்கலாம். அது பாய் விரித்த மாதிரி கிலோமீட்டர் கணக்கில் நீளும். வளைந்து ஓடிய ஆற்றின் மணல் அப்படியல்ல. ஆறு தடம் மாறிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு தடமும் தனி நாடாவாக வெள்ளச் சமவெளிக் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு கிணற்றில் மாதக்கணக்கில் எண்ணெய் எடுத்தும் மற்றதில் அழுத்தம் அசையவில்லையென்றால், கோட்டை அழிக்க வேண்டியதுதான்.

சரி, மணல் படிந்த சூழலை எப்படிக் கண்டுபிடிப்பது? பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் கிணற்றுக்குள் ஆழவாரியாக அளக்கும் காமா கதிர்ப் பதிவில் (பொதுவாக மணலில் குறைவு, களியில் அதிகம்) மணி வடிவம் தெரிந்தால், அடியில் பருமணல், மேலே போகப்போக நுண்மணல், ஆற்றுத்தடமாக இருக்கலாம். புனல் வடிவம் என்றால் ஆற்று வாயில் குவிந்த டெல்டா முகத்திட்டாகவோ கரையோர மணலாகவோ இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிடுங்கள். கடலடிச் சரிவில் கலங்கல் நீரோட்டம் கொண்டுசேர்த்த ஆழ்கடல் டர்பிடைட் கால்வாய் மணலும் மணி வடிவம் காட்டும். பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் மணலோ, காமா அளவைக் கூட்டி, களிப்பாறை போல வேஷம் போடும். கோர், அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் தண்டு, கையில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் பெயர் வைக்க வேண்டாம்.

கோரிலும் ஏமாறலாம். ஓதம் ஏறி இறங்கிய இடத்து மணலில், தாள் கனத்துக்குக் கரிய களிக்கீற்றுகள் வரிவரியாக ஓடும். இரண்டு கீற்றுகளுக்கு நடுவே ஒரு துண்டை வெட்டி அளந்தால் ஊடுருவுதிறன் (திரவம் பாறைக்குள் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது) பிரமாதமாக வரும். ஆனால் எண்ணெய் மேலே ஏறும் வழியில் ஒவ்வொரு கீற்றும் ஒரு தடுப்பு. கிடைமட்டத்தில் அளந்ததை வைத்துச் செங்குத்துக்கும் அதே எண்ணைப் போடுவது பெரிய பிசகு.

பருமணலில் துளை அதிகம் என்பதும் பரவலான நினைப்பு. ஒரே அளவு உருண்டைகளைச் சதுரமாக அடுக்கினால் இடைவெளி சுமார் 48 சதவீதம், நெருக்கி அடுக்கினால் 26. உருண்டை பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. பருமனால் கூடுவது ஊடுருவுதிறன். துளையைக் குறைப்பது, பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கும் மணல்.

அப்புறம் இன்னொரு தவறு, புதைந்த பிறகு நடந்ததைப் பார்க்காமல் படிந்த கதையோடு நின்றுவிடுவது. நெதர்லாந்தில் 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட குரோனிங்கன் வாயு வயல், பாலைவனச் சூழலில் ஆறும் காற்றும் சேர்த்த ரோட்லீகெண்ட் என்ற மணற்கல் அடுக்கில் இருக்கிறது. கீழே கார்பனிஃபெரஸ் காலத்து நிலக்கரி வாயுவைக் கொடுத்தது, மேலே செக்ஸ்டைன் என்ற உப்பு அடுக்கு மூடிக்கொண்டது. அதே ரோட்லீகெண்ட், வடகடலின் தெற்கே சில இடங்களில் ஆழமாகப் புதைந்தபோது, துளைகளுக்குள் இல்லைட் என்ற களிக்கனிமம் மயிரிழையாக வளர்ந்துவிட்டது. அங்கே வாயு இருந்தும், சிரமப்பட்டுத்தான் வெளியே வருகிறது.