பூ நிறத்தை நம்ப வேண்டாம்: வீட்டுப் புளுமேரியாவை இலை பார்த்து இனம் பிரிக்கும் முறை

புளுமேரியா என்னும் ஈழத்தலரியில் ஆல்பா, ரூப்ரா, ஆப்டூசா, புடிகா என்று இனங்கள் உண்டு. வெள்ளையாகப் பூத்தால் ஆல்பா, சிவப்பாகப் பூத்தால் ரூப்ரா என்று சீட்டு ஒட்டிக் கன்று விற்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ரூப்ராவிலேயே வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர் சிவப்பு எல்லாம் உண்டு. கோயில் வாசல்களில் நாம் பார்க்கும், நடுவில் மஞ்சள் ஓடிய வெள்ளை ஈழத்தலரியும் பெரும்பாலும் ரூப்ராதான். இனம் தெரிய வேண்டுமானால் இலையைப் பாருங்கள். வீட்டில் இரண்டு மூன்று செடி இருந்தாலே போதும்.

எப்போது செய்வது?

ஆவணி, புரட்டாசி நல்ல காலம். ஐப்பசி மழை தொடங்கினால் துரு நோய் ஏறும். தை, மாசியில் ரூப்ரா இலை கொட்டி மொட்டையாக நிற்கும்.

தேவையானவை: 30 செ.மீ. ஸ்கேல், கிராப் தாள், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கூரான கத்தரி, ஈரத்துணி, பழைய செய்தித்தாள், ரப்பர் கையுறை.

1. இலை எடுத்தல்

கிளை நுனியிலிருந்து எண்ணி ஐந்தாவது அல்லது ஆறாவது இலையை எடுங்கள். அதற்கு மேலே இருப்பவை முழுதாக விரிந்திருக்காது, மிகக் கீழே இருப்பவை பழுக்கத் தொடங்கியிருக்கும். ஒரு செடிக்கு மூன்று இலை, மூன்றும் வெயில் படும் பக்கத்தில் வெவ்வேறு கிளைகளிலிருந்து. நிழல் இலை அகன்று மெலிந்திருக்கும். அதையும் வெயில் இலையையும் சேர்த்து வைத்தால் ஒரே செடி இரண்டு இனமாகத் தெரியும். பாம்பன், மண்டபம் பக்கம் கச்சான் (மேல்காற்று) மணலை வாரி அடிக்கும் என்பதால், காற்று மறைவான பக்கம் பார்த்து எடுப்பது நல்லது.

காம்போடு வெட்டியதும் பால் வடியும். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. வெட்டிய முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் வடிய விட்டுத் துடைத்துவிடுங்கள்.

2. கழுவுதல்

கடற்கரை ஊர்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. உப்புப் படிவு, மணல் தூசி, வெள்ளை ஈயின் மெழுகுத்தூள் மூன்றும் இலையின் அடியில் வெண்மையாக ஒட்டியிருக்கும். அசல் ஆல்பாவின் அடையாளமே அடிப்புற வெண்ரோமம் என்பதால், கழுவாத ரூப்ரா இலையை ஆல்பா என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியோடு வந்துவிட்டால் அது ரோமம் அல்ல. துடைத்த பிறகும் லென்ஸில் நுண்ணிய முடி தெரிந்தால்தான் கணக்கு.

3. அளத்தல்

இலையை கிராப் தாளில் விரித்துப் பென்சிலால் ஓரம் வரையுங்கள். காம்பின் நீளம், இலைப்பரப்பின் நீளம், மிக அகன்ற இடத்தின் அகலம், அந்த இடம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்ற நான்கையும் குறியுங்கள். நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண்தான் முக்கியம்; அது பெரிதானால் இலை ஒடுக்கம், சிறிதானால் அகலம். தொட்டிச் செடியின் இலை தரையில் நிற்கும் மரத்தின் இலையைவிடச் சிறுத்திருக்கும், ஆகவே வெறும் நீளத்தை ஒப்பிட்டுப் பயனில்லை.

4. வடிவம் பார்த்தல்

ரூப்ரா: இரண்டு முனையும் ஒடுங்கி, நுனி கூராக முடியும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் ஏறக்குறைய நேராக ஓரம் நோக்கி ஓடி, ஓரத்தை ஒட்டிய ஒரு நரம்பில் சேர்வது பளிச்சென்று தெரியும்.

ஆப்டூசா: நுனி மழுங்கி உருண்டிருக்கும். கரும்பச்சை, பளபளப்பு, தடித்த தோல். ரூப்ரா மொட்டையாகும் காலத்திலும் பெரும்பாலும் இலையோடு நிற்கும்.

புடிகா: படமெடுத்த நாகம் போன்ற இலை, நுனிப் பக்கம் அகன்று, அடி குறுகியிருக்கும். இதை மட்டும் ஸ்கேல் இல்லாமலே சொல்லிவிடலாம்.

ஆல்பா: நீண்டு ஒடுங்கிய இலை, கீழ்நோக்கிச் சுருண்ட ஓரம், அடியில் ரோமம். மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் ஆல்பா என்று எழுதுங்கள்.

எங்கே தவறும்?

உவர் நீர் ஊற்றும் வீடுகளில் ரூப்ராவின் கூர்நுனி கருகி உதிர்ந்து, மிச்சம் இருப்பது ஆப்டூசா போல மழுங்கித் தெரியும். நுனியை லென்ஸில் பாருங்கள். ஆப்டூசாவில் பச்சை ஓரம் அறுபடாமல் நுனியைச் சுற்றி வரும். கருகிய இலையில் அந்த இடத்தில் பழுப்பு விளிம்பு நிற்கும்.

மேலே மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சுத் தூள் இருந்தால் துரு நோய். அந்த இலையை ஒதுக்குங்கள். தூள் காற்றில் பரவும் என்பதால் உதிர்ந்த இலைகளையும் கூட்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.

இலையைச் செய்தித்தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்து வைக்க நினைத்தால் முதல் நான்கைந்து நாள் தினமும் செய்தித்தாளை மாற்ற வேண்டும். புளுமேரியா இலை தடித்தது, கடற்காற்றில் ஈரமும் அதிகம். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்.

நுனி கூருமில்லாமல் மழுங்கலுமில்லாமல் இருந்தால் அது ரூப்ராவும் ஆப்டூசாவும் கலந்ததாக இருக்கலாம். அத்தகைய கன்றுகள் நிறையப் புழக்கத்தில் உள்ளன. ஏதாவது ஒரு பெயரை வலிந்து ஒட்டாமல், அளவுகளோடு “கலப்பாக இருக்கலாம்” என்று எழுதி வைத்து, தை மாதத்தில் இலை கொட்டுகிறதா என்று மறுபடி பாருங்கள்.