மாமனாருக்கு ஏற்ற மான் காடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியப் பருவம் ஒன்பதே நாள். நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி நவிலல் நாளுக்கு (Thanksgiving) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். என் மாமனாருக்கு 78 வயது, செயற்கை மூட்டு வைத்த முழங்கால். ஆனாலும் வடக்கே தேசிய வனத்துக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். போன ஆண்டு போனோம். பனியில் முக்கால் மைல் நடந்தவர், மரப்பரணின் ஏணியில் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டார். திரும்பும் வழியெல்லாம் பேச்சே இல்லை.

இந்த முறை மான் எங்கே அதிகம் என்று நான் பார்க்கவில்லை. காரிலிருந்து இருக்கைக்கு எத்தனை அடி என்றுதான் பார்த்தேன். தெரிந்த பால்பண்ணைக்காரர் ஒருவர் அனுமதி தந்தார். சோளம் அறுத்த வயலோரம், வண்டிப் பாதையிலிருந்து நாற்பது தப்படி. அங்கே வடமேற்குக் காற்றுதான் அதிகம் என்பதால் தென்கிழக்கு மூலையில் தரைக்கூடாரம் போட்டேன். நம் வாடை மானுக்குப் போகாது. உள்ளே கைப்பிடி நாற்காலி, துப்பாக்கியைத் தாங்க முக்காலி. எரிவாயுக் கணப்பும் உண்டு. ஜன்னலை மட்டும் மூடவே விடவில்லை, நச்சுப்புகை பொல்லாதது. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் பட, கூடாரத்தின் மேல் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி.

முதல் நாள் ஒன்பது மணிக்கே குறட்டை. (மான்கள் அதைக் கேட்டிருக்கும்.) மறுநாள் மாலை ஒரு பெண் மான் விழுந்தது, அதற்கான தனிச் சீட்டு எங்களிடம் இருந்தது. குடல் நீக்கி, பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இழுத்து வந்தது நான். மான்களுக்கு வரும் மூளை நோய்க்கான இலவசப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை இறைச்சி உறைபெட்டியில்தான். மாமனார் தினமும் இரண்டு முறை கேட்கிறார்.