மருத்துவ ஸ்டார்ட்அப் தொடங்குகிறீர்களா? நோயாளியிடமிருந்து ஆரம்பியுங்கள்

மருத்துவத் துறையில் நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் பலரும் முதலில் பெயரையும் லோகோவையும் தேடி அலைகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். உடம்பு முடியாமல் பயத்தோடு இருப்பவர், சொன்ன நேரத்தில் ரிப்போர்ட் வந்ததா, கேட்ட கேள்விக்குப் புரிகிற மாதிரி பதில் கிடைத்ததா என்று பார்த்துத்தான் உங்களை நம்புவார். பிராண்ட் அங்கேதான் உருவாகிறது.

படி 1: ஒரே ஒரு சிக்கலைப் பிடியுங்கள்

'சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு ஆப்' என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. 'இரவு வேலை பார்ப்பவருக்கு எந்த நேரத்தில் இன்சுலின் போடுவது என்று குழப்பம்' என்கிற அளவுக்குக் குறுக்குங்கள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் டெபோரா ஆட்லரின் பாட்டி ஒருமுறை தவறுதலாகத் தாத்தாவின் மாத்திரையை விழுங்கிவிட்டார். இரண்டு டப்பிகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. பாட்டி, தாத்தா இருவரின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கின. ஆட்லர் டப்பியையே புதிதாக வடிவமைத்தார். மருந்தின் பெயர் பளிச்சென்று தெரியும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி நிற வளையம். 2005-இல் டார்கெட் நிறுவனத்தின் மருந்தகங்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு வீட்டில் நடந்த ஒரு தவறுதான் அத்தனைக்கும் தொடக்கம்.

படி 2: கேளுங்கள், நிறையக் கேளுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். "இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். "போன தடவை மருந்து தீர்ந்தபோது என்ன செய்தீர்கள்?" "அப்புறம்?" "யாரிடம் கேட்டீர்கள்?" அனுமதி வாங்கிக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பெரிய தாளில் வரிசையாக எழுதுங்கள்: அறிகுறி தெரிந்தது, டாக்டரைப் பார்க்க முடிவெடுத்தது, காத்திருந்தது, பரிசோதனை, முடிவு, வீடு. ஒவ்வொன்றின் கீழும் அவர் என்ன செய்தார், எதற்குப் பயந்தார், கூட யார் இருந்தார் என்று நிரப்புங்கள். கூட இருப்பவரிடமும் பேசுங்கள்; மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் அவர்தான்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நீண்டகால நோய்களுக்கு மருந்தைச் சரியாகத் தொடர்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை சொன்னது. இதைப் படித்ததும் நினைவூட்டும் அலாரம் ஒன்றைச் செய்யத் தோன்றும். ஆனால் மறதி ஒரு காரணம் மட்டுமே. பக்கவிளைவு, செலவு, 'இப்போதுதான் நன்றாக இருக்கிறதே' என்ற எண்ணம், எதற்கு இந்த மாத்திரை என்றே தெரியாமை என்று மற்றவையும் இருக்கின்றன. இவற்றில் எதையும் அலாரம் தீர்க்காது.

படி 3: முதலில் கையால் செய்து பாருங்கள்

மென்பொருள் எழுதும் முன், ஒரு செவிலியரும் ஒரு எக்செல் தாளும் வைத்து, சில நோயாளிகளுக்கு அதே சேவையைக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். முதல் நாளிலிருந்தே ஒரு மருத்துவர் உங்கள் குழுவில் இருக்கட்டும். நள்ளிரவில் ஒருவர் 'நெஞ்சு வலிக்கிறது' என்று செய்தி அனுப்பினால் யார் பார்ப்பார், என்ன செய்வார்? இதற்குப் பதில் எழுத்தில் இல்லாமல் யாருக்கும் சேவையைத் திறக்காதீர்கள்.

கூடவே, பணம் கொடுப்பது நோயாளியா, மருத்துவமனையா, காப்பீட்டு நிறுவனமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 4: நிரூபித்ததை மட்டும் சொல்லுங்கள்

2003-இல் தொடங்கிய தெரனோஸ், சில சொட்டு ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்வதாகச் சொன்னது. அதன் கருவியால் அது முடியவில்லை. நோயாளிகளுக்குத் தவறான முடிவுகள் போயின. 2018-இல் நிறுவனம் மூடப்பட்டது. நீங்கள் விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரத்தைக் குறித்து வையுங்கள். ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். நோயைக் கண்டறியும் மென்பொருளைப் பல நாடுகளின் சட்டம் மருத்துவக் கருவியாகவே கருதுகிறது. அதனால் அனுமதி விவரத்தை ஆரம்பத்திலேயே விசாரியுங்கள்.

படி 5: தகவலைக் காப்பாற்றுங்கள்

மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தேவையில்லாத தகவலைக் கேட்கவே கேட்காதீர்கள். நோய் விவரம் நிரப்பும் பக்கங்களில் விளம்பர டிராக்கர் (பயனாளர் செய்வதை விளம்பர நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் நிரல்) எதுவும் இருக்கக் கூடாது.

படி 6: இப்போது பெயர், அப்புறம் குழு

சரி, இனி பெயரையும் நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாம். நோயாளிகள் தங்கள் வாயால் சொன்ன சொற்களையே திரையிலும் பயன்படுத்துங்கள்.

தலைவராக உங்கள் வேலை, குழுவின் காதில் நோயாளியின் குரல் விழுந்துகொண்டே இருக்கச் செய்வது. பொறியாளர்களும் முறைவைத்துப் புகார் அழைப்புகளைக் கேட்கட்டும். டவுன்லோட் எண்ணிக்கையைவிட, எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கிறார்கள் என்று பாருங்கள். ஆபத்து என்று தோன்றினால் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரத்தை மருத்துவருக்கு எழுதிக் கொடுங்கள். முதலீட்டாளர் அவசரப்படுத்தினாலும் அதை மீறாதீர்கள். புகார் சொன்னவரை மறுபடி அழைத்து, என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.