குழியை மூடினால் மணம் மூடுமா? – மழைக்காட்டு முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டைக்கு உப்பு கொண்டு போங்கள், சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை வேண்டாம் என்பவற்றை மலையேறும் முன்பே யாராவது சொல்லிவிடுவார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலே, மழைக்காட்டின் விளிம்பில், மண்சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு முகாமில் ஆண்டுக்குச் சில மாதங்கள் தங்கி வேலை செய்து வருகிறேன். சென்ற ஆனி மாதம் அங்கே புதிதாக வந்த நால்வர், நான் முதலாண்டில் செய்த தவறுகளை ஒரே வாரத்தில் வரிசை மாறாமல் செய்து முடித்தார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சமையலறைக்குப் பின்னால் குழி வெட்டுவது

மண்ணில் புதைத்தால் மக்கிவிடும் என்பது ஊர்நாட்டு நியாயம். வீட்டுத் தோட்டத்துக்கு அது பொருந்தும். காட்டிலோ, புதைத்தது மக்குவதற்குள் காட்டுப்பன்றி அதைத் தோண்டிவிடும். பன்றி கிளறிய மண்ணின் மணம் கரடிக்குப் போகும். பலாப்பழக் காலமாக இருந்தால் யானைக்கும் போகும்.

என் முதலாண்டில், விக்கிரமசிங்கபுரத்தில் இரண்டு பலாப்பழம் வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்து, சுளையைத் தின்றுவிட்டு, தோலையும் சடையையும் முழங்கால் ஆழக் குழியில் போட்டு மிதித்து மூடினேன். எங்கள் சமையல்கார அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “குழிய மூடிட்டிய, மணத்த எங்க போட்டு மூடுவிய?” என்று மட்டும் கேட்டார். நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் அந்தக் குழி, மண்வெட்டியால் வழித்ததுபோல் சுத்தமாகக் கிடந்தது. ஓரத்தில் வட்டமான பெரிய காலடி. அதில் தேங்கிய மழைநீரில் ஒரு பலாக்கொட்டை மிதந்தது. அதோடு போயிருந்தால் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். நாளுக்கு 150 கிலோ வரை தீவனம் தேடி நடக்கவேண்டிய விலங்குக்கு, ஒரே இடத்தில் இனிப்பும் உப்பும் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தை அது மறப்பதில்லை. மறுநாள் இரவு சமையலறையின் பின்சுவரைத் தள்ளிச் சாய்த்து, அரிசி மூட்டையையும் உப்பையும் வெளியே இழுத்துப் போட்டுத் தின்றது. சில நாள் கழித்து ஓடைக்கரையில் கிடந்த லத்தியில், உப்புப் பொட்டலத்தின் நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு, நார்களுக்கு நடுவே மடிந்து ஒட்டியிருந்தது. சுவரை இரண்டு நாளில் கட்டிவிட்டோம். அந்தத் துண்டைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் யானை வந்தது. வெடி போட்டு விரட்டினார்கள். தவறு என்னுடையது, வெடிச்சத்தம் அதற்கு.

சென்ற ஆனியில் வந்தவர்கள் கொண்டுவந்ததும் பலாப்பழமே. வெட்டிய குழியும் ஏறத்தாழ அதே இடத்தில். நான் தோண்டி எடுத்து, மூடி போட்ட பீப்பாயில் அடைத்து, அன்று மாலையே கீழே அனுப்பினேன். அவர்களுக்குக் கோபம், இருக்கட்டும்.

எனவே பலாவும் பழுத்த வாழைத்தாரும் மேலே வரவே கூடாது. அரிசி, உப்பு, கருப்பட்டி மூன்றும் இறுக்கி மூடும் தகரப் பீப்பாயில் இருக்கவேண்டும். எச்சில் அன்றன்றே மூடிய பாத்திரத்துக்குப் போய், வண்டி வரும் நாளில் இறங்கிவிடவேண்டும். உப்புக் கலந்த கழுநீரைக்கூட ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். அந்த மண்ணை நக்க மிளா என்னும் பெரிய மான் வரும், மிளா வழக்கமாக வருமிடத்துக்குச் சிறுத்தை வர யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டியதில்லை.

சோலைமந்திக்கு பிஸ்கட்

வேண்டாம். தான் விரும்பித் தின்னும் வெடிப்பலா மரம் காய்க்கும் காட்டில் அந்தச் சிங்கவால் குரங்குக்கு உங்கள் தயவு தேவையில்லை.

சூரிய மின்வேலியை நம்புவது

காய்ந்த மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டு யானை கடந்து வரும். ஒவ்வொரு மாலையும் வேலியைச் சுற்றி நடந்து, கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் கசியவிடும் கொடிகளை வெட்டிவிடுங்கள்.

இரவில் கழிப்பறைக்கு வெறுங்காலுடன் போவது

பத்தடி தூரம்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இலைச்சருகின் நிறத்திலேயே இருக்கும் கூன்மூக்குக் குழிவிரியன், மிதிக்கும்வரை அசையாமல் கிடக்கும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் கடித்தது எது என்பதை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். அதற்காகப் பாம்பைத் துரத்தவோ அடிக்கவோ கூடாது. கணுக்காலை மூடும் காலணியும் கையில் டார்ச்சும் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். காலணியைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும். தேள் உள்ளே படுத்திருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கரடியோடு செல்ஃபி

இதற்கும் ஒரு தலைப்பு வைக்கவேண்டியிருக்கிறது.