குதிரையின் கால் எலும்புக்கு அல்ட்ராசவுண்ட்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

பந்தயக் குதிரையின் காலில் அல்ட்ராசவுண்ட் வைக்கிறார்கள் என்றால், இரண்டு வேறு வேலைகளில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஒன்று, திரையில் படம் பார்ப்பது. மற்றொன்று, எலும்பு வழியாக ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

படம் காட்டும் ஸ்கேன் தசைநாண்களுக்கு அருமையான கருவி. எலும்பு என்று வந்தால் கதை வேறு. ஒலியில் பெரும்பகுதி எலும்பின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும், அல்லது எலும்பிலேயே அடங்கிவிடும். திரையில் ஒரு வெள்ளைக் கோடும், அதற்குக் கீழே கறுப்பு நிழலும்தான் தெரியும். அந்தக் கோட்டில் மேடு தட்டுகிறதா, புது எலும்பு படிந்திருக்கிறதா, எங்காவது படிபோல விலகியிருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுக்கச் சிரமமான இடுப்பெலும்பில் முறிவைக் கண்டுபிடிக்க இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் கோட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. “ஸ்கேன் பண்ணியாச்சு, எலும்பு நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால், எலும்பின் மேல்தோற்றம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறையில் படம் கிடையாது, எண் மட்டும்தான். காலில் வைக்கும் கருவிமுனையான புரோபின் ஒரு முனை ஒலியை அனுப்ப, அது எலும்பின் வெளிச்சுவரோடு ஓடி மறுமுனையை அடைகிறது. மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும். கெட்டியான எலும்பில் சுமார் 4,000 மீட்டர். பெரும்பாலும் அளப்பது முன்னங்காலின் கேனன் எலும்பை, அதாவது முட்டிக்கும், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டுக்கும் நடுவே உள்ள நீண்ட எலும்பை. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அளக்க வசதி. இளம் குதிரைகளுக்கு ஷின் வலி வருவதும் இதன் முன்பக்கத்தில்தான்.

இந்த எண்ணை “எலும்பின் அடர்த்தி” என்று சொல்வது அடுத்த தவறு. ஒலியின் வேகம் அடர்த்தியை மட்டும் பொறுத்ததல்ல. எலும்பின் விறைப்பு, நுண்துளைகளின் அளவு, தாது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லாமே அதில் கலந்திருக்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: எலும்பின் தடிமனும் வடிவமும் இந்த எண்ணில் சரியாக வெளிப்படாது. வேகமாக ஓடப் பழகும் இளம் குதிரையின் கேனன் எலும்பு, முன்பக்கச் சுவரில் புது எலும்பைச் சேர்த்துக்கொண்டுதான் சுமைக்கு ஈடுகொடுக்கிறது. புதிதாகப் படிந்த எலும்பில் தாது முழுமையாக ஏறியிருக்காது. அதனால் கால் பலப்பட்டுக்கொண்டே இருக்கும்போது, எண் ஏறாமல் நிற்கலாம். கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். அதைப் பார்த்துப் பதறிக் கண்டபடி கால்சியம் கொட்டுவதில் பொருளில்லை. எண் ஏறுகிறது என்பதற்காகப் பயிற்சியைக் கூட்டுவது அதைவிட மோசம்.

சரி, அளக்கும் விதத்துக்கு வருவோம். இங்கே நடக்கும் தவறுகள் சின்னச் சின்னவை, ஆனால் எண்ணைக் கெடுக்கப் போதுமானவை. முடியும் அழுக்கும் இருக்கும் காலில் ஜெல் சரியாகப் பிடிக்காது, இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். குதிரை ஒரு காலைத் தளர்த்தி நின்றால் எலும்பின் மேல் தோல் நகர்ந்துவிடும். நான்கு கால்களிலும் சமமாக நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். கேனன் எலும்பின் முன்பக்கம், உள்பக்கம், வெளிப்பக்கம் மூன்றிலும் அளவு வேறுபடும். பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் போனால், கேனனை ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பிளிண்ட் எலும்பு குறுக்கே வரும். “நடுவில் ஏதோ ஓரிடம்” என்று கண்ணால் குத்துமதிப்பாக வைக்காமல், மேல் மூட்டிலிருந்து அளந்து குறித்த அதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும்.

வெப்பநிலையை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். மென்திசுவில் ஒலியின் வேகம் சூட்டோடு மாறும். ஐஸ் கட்டிய காலையும், ஓடி முடித்துச் சூடாக இருக்கும் காலையும் அளந்து ஒப்பிட்டால், எலும்பில் எதுவும் மாறாமலேயே எண் மாறக்கூடும். வீக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான், அதிலும் ஒலியைக் குறுக்காகக் கடத்தி அளக்கும் கருவிகளில்.

இவ்வளவும் பார்த்துச் செய்தாலும் ஒரே காலை அடுத்தடுத்து அளந்தால் எண் சற்று முன்பின்னாகத்தான் வரும். அந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரியாமல் இரண்டு மாத அளவுகளை ஒப்பிடுவது வெறும் ஊகம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. புரோபை எடுத்து எடுத்து வைத்துப் பலமுறை அளந்து திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கணக்கிடுங்கள். அதைப்போல் சுமார் 2.8 மடங்குக்கு மேல் மாறினால்தான் அது உண்மையான மாற்றம். உதாரணத்துக்கு, விலக்கம் நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 55 மீட்டருக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் வரைந்த அழகழகான வரைபடங்களை நான் நம்புவதில்லை.

அதேபோல் 2 வயதுக் குதிரையின் எண்ணை 5 வயதுக் குதிரையின் எண்ணோடு வைத்துப் பார்ப்பதும் வீண். வளர வளர எலும்பில் ஒலியின் வேகம் கூடும். ஒரு குதிரையை அதன் பழைய அளவோடும், அதன் மறு காலோடும் ஒப்பிடுவதுதான் பயன் தரும்.

ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. கேனன் எலும்பின் நடுப்பகுதியை அளந்துவிட்டு, “கால் ஓடத் தகுதியானது” என்று முடிவு கட்டுவது. உயிருக்கு உலைவைக்கும் முறிவுகளில் பல, அந்த நடுப்பகுதியில் தொடங்குவதில்லை. கேனன் எலும்பின் கீழ்முனையிலும், ஃபெட்லாக்கின் பின்னால் இருக்கும் சிறிய செசமாய்டு எலும்புகளிலும்தான் அவை தொடங்குகின்றன. அந்த இடங்களுக்குச் சிடி, எம்ஆர்ஐ, கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் போன்றவைதான் சரிப்படும். 2020 மெல்பர்ன் கப்பில் ஆந்தனி வான் டைக் என்ற குதிரை முன்னங்கால் ஃபெட்லாக் முறிந்து உயிரிழந்த பிறகு, 2021 முதல் அந்தப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கு முன்கூட்டியே சிடி ஸ்கேன் கட்டாயமாக்கினார்கள். கவனியுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ட்ராசவுண்டை அல்ல.

ஓய்வுக்குப் பிறகு திரும்பும் குதிரையிடமும் இதே கவனம் வேண்டும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதைத் தோண்டி எடுக்கச் சில வாரங்கள்தான் ஆகும், நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் முழு வேகத்துக்குத் தள்ளினால் மேற்கை எலும்பு (முன்னங்காலில் தோளுக்குக் கீழே இருப்பது) முறியும் ஆபத்து உண்டு. கேனன் எலும்பில் எடுத்த எண் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

நொண்டல் இருக்கிறதா, ஷின்னை விரலால் அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறதா என்பதை எண் எப்போதும் மீறக் கூடாது. அளவு நன்றாக இருந்தும் குதிரை வலியைக் காட்டினால், குதிரை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அளக்கும் நாளுக்கு முன் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். வலி மருந்து நொண்டலை மறைத்துவிடும். பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளோ எலும்பின் புதுப்பிப்பையே தடுப்பவை.

எண் திடீரென்று இறங்கினால் என்ன செய்வது? அன்றே நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். கருவியை, ஒலிவேகம் முன்பே தெரிந்த சோதனைக் கட்டையில் வைத்துச் சரிபாருங்கள், அப்புறம் இரண்டு கால்களையும் மறுபடி அளந்து பாருங்கள். இறக்கம் அப்படியே இருந்தால் வேகப் பயிற்சியை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்கலாம். ஆரம்ப நிலைக் கீறல் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம்தான். வலி இருந்தால் 10 முதல் 14 நாட்கள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத நிலை என்றால் எலும்பு ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.