குறடை முதலில் கீழே வையுங்கள்: பழைய காரில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

எங்கள் பெரியப்பாவின் அம்பாசடர் மார்க் 3-ல் ஸ்பீடோமீட்டர் முள் பல வருஷமாகப் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "இன்ஜின் சத்தத்தை வெச்சே சொல்லுவேன் தம்பி, இப்ப எழுபதுல போறோம்" என்பார். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து வாங்கிய வண்டி. அங்கே வருஷம் முழுக்க கார் ஷெட்டில் நின்று, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். ஓடித் தேய்ந்ததைவிட நின்று வீணானதுதான் இப்படிப்பட்ட வண்டிகளில் அதிகம். கேபிளுக்குள் இருந்த கிரீஸ் மெழுகாக இறுகிப் போயிருந்தது.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, செய்யக்கூடாத எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தேன். இரண்டு கேபிளும் ஒரு மீட்டரும் போனது. அந்தச் செலவில் கற்றுக்கொண்டது இது.

முதல் தவறு, முள் அசையவில்லை என்றதும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போவது. வண்டி ஓடும்போது கிலோமீட்டர் எண்ணும் சக்கரம் உருள்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் உருண்டு, முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மீட்டருக்குள். இரண்டுமே செத்துக் கிடந்தால் கேபிள் அறுந்திருக்கலாம், முனை கழன்றிருக்கலாம், இல்லையென்றால் கியர்பாக்ஸில் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் போயிருக்கலாம். மீட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு பேரை விட்டு வண்டியைப் பத்தடி தள்ளச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கம்பி சுற்றினால் கீழே எல்லாம் சரி. இதற்குக் காசு செலவில்லை. நான் இதைச் செய்யாமல்தான் முதல் கேபிளை வாங்கினேன்.

இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்ற தவறுகள் பாதி தானாக நிற்கும். 1902-ல் ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான் இது. கேபிள் முள்ளைத் தொடுவதே இல்லை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்துக்கு மேல் ஓர் அலுமினியக் கிண்ணம், இரண்டும் ஒட்டாமல் நிற்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும், தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். பழைய கார்கள் பலவற்றில் ஒரு மைலுக்குக் கேபிள் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுச் சுற்றும். அத்தனை சுற்றும் போய்ச் சேருவது கைக்கடிகாரம் மாதிரி மெல்லிய ஒரு பொருளில். அங்கேதான் நாம் குறடோடு போய் நிற்கிறோம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடுமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். சாவியை எடுத்துவிட்டேனே என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில், கரண்ட் அளவைக் காட்டும் அம்மீட்டருக்கு வரும் தடித்த ஒயரில் சாவி இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும், பெரும்பாலும் ஃபியூஸும் கிடையாது. கேபிளின் இரும்பு நட்டு அதில் ஒரு தடவை பட்டால் போதும். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

கீழே படுப்பதற்கு முன் ஒரு விஷயம். எங்கள் ஊர் வீடுகளில் வண்டியை முகப்பு வரை கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கியை வைத்தீர்களானால், வண்டி எடை முழுவதும் ஓர் உள்ளங்கை அகலத்தில் இறங்கி, கல் விரிசல் விடும். கண்ணாடி மேல் வார்த்து வெயிலில் காயவைத்த சிமெண்ட் கல் அது, கருங்கல் இல்லை. வாசலுக்கு இறக்கினால் செம்மண், மழை பெய்த மறுநாள் ஜாக்கி பதமாக உள்ளே போகும். அகலமான பலகை போட்டு, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த பிறகே படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்குக் கீழே போகக்கூடாது.

அந்தச் செம்மண்தான் கேபிளுக்கும் எதிரி. இன்னரை, அதாவது உள்ளே சுற்றும் கம்பியை, உருவியதும் பக்கத்தில் எங்காவது போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். கிரீஸ் பிசுபிசுப்பில் மண் ஒட்டிக்கொள்ளும், அதை அப்படியே உள்ளே சொருகினால் கேபிளுக்கு உப்புத்தாள் சுற்றி அனுப்பிய மாதிரி. பழைய வேட்டித் துணியை விரித்து அதன் மேல் வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அவுட்டர் என்கிற வெளி உறைக்குள்ளும் மண்ணெண்ணெய் விட்டு அலசித் தொங்கவிடலாம். இன்னர் அறுந்திருந்தால் மேலிருந்து உருவும்போது மேல் துண்டு மட்டும் வரும். கீழ்த்துண்டு கியர்பாக்ஸ் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும், அதை மறந்துவிட்டுப் புதுக் கம்பியைத் திணிப்பவர்கள் உண்டு. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து நீளம் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

அறுகாத கம்பி என்றால் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, ஒரு முனையை மெதுவாகத் திருகுங்கள். மறு முனை கூடவே சீராகத் திரும்ப வேண்டும். தயங்கி நின்று திடீரெனத் துள்ளினால் எங்கேயோ மடிப்பு விழுந்திருக்கிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் முள் ஆடுவது பெரும்பாலும் இந்த மடிப்பால்தான், இல்லையென்றால் காய்ந்த கம்பியால். அதை நிமிர்த்திப் போடலாம் என்று ஆசைப்பட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கிரீஸ். பெரியப்பாவுக்கு எந்த இரும்புக்கும் ஒரே வைத்தியம்தான், விளக்கெண்ணெய். கதவுக் கீலுக்குச் சரி. நானும் என் பங்குக்கு, கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்து, சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸைக் கம்பி முழுக்க வழித்து அப்பினேன். கம்பி என்பது சுருள் சுருளாக முறுக்கியது. சுற்றும்போது அது திருகாணி மாதிரி கிரீஸை மேலே மேலே தள்ளிக்கொண்டு போகும். ஒரு மாதத்தில் அது மீட்டருக்குள் போய், காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இறங்கியது. ஒட்டாமல் நிற்க வேண்டியவை ஒட்டிக்கொண்டன. வண்டியை எடுத்ததும் முள் கடைசி எண்ணுக்குத் தாவி அங்கேயே நின்றது. நாங்கள் போனது செக்காலை ரோட்டில், மாட்டு வண்டி வேகத்தில்.

சரியான அளவு இதுதான்: மெல்லிய கிரீஸை இரண்டு விரலில் எடுத்து, கம்பியை விரல் நடுவே இழுத்தால் எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவு. முழுவதும் உள்ளே விட்ட பிறகு மேல் முனையைப் பிடித்து ஒரு ஜாண் வெளியே இழுத்து, அந்தப் பகுதியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களின் ஒர்க்‌ஷாப் கையேடுகளும் 8 அங்குலம் வெளியே இழுத்துத் துடைக்கத்தான் சொல்கின்றன. எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இனி மாட்டும் வேலை. இங்கேதான் அதிகம் கெடுகிறது, இங்கேதான் நானும் மீட்டரைத் தொலைத்தேன்.

இன்னரின் முனை சதுரம். அது போய் உட்கார வேண்டிய குழியும் சதுரம். இரண்டு சதுரமும் ஒன்றுக்கொன்று நேராக வந்தால்தான் உள்ளே இறங்கும். முதலில் கியர்பாக்ஸ் பக்கத்து நட்டை மாட்டிவிட்டு, மேலிருந்து கம்பியை லேசாகத் தள்ளிக்கொண்டே விரலால் உருட்டுங்கள். ஓரிடத்தில் கம்பி சட்டென்று கொஞ்சம் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பூட்டில் சாவி உட்காருவது போல. அதற்குப் பிறகு கம்பியைத் திருகிப் பார்த்தால் எளிதில் திரும்பாது, கீழே பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது மேல் முனையில் அவுட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அளந்து பாருங்கள். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வகை மீட்டர்களில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், அதாவது சுண்டுவிரல் நக அளவு. ஒரு கட்டைவிரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தால் கீழே சதுரம் இறங்கவில்லை என்று அர்த்தம்.

நான் பார்த்தது இந்த நீட்டலைத்தான், புரிந்துகொண்டதுதான் தப்பு. 'நட்டை இறுக்கினால் தானாக உள்ளே போய்விடும்' என்று மீட்டருக்குப் பின்னால் குறடை விட்டு அரைச் சுற்று இறுக்கினேன். நட்டு இறங்கியது. கம்பிக்குப் போக இடமில்லாமல் காந்தத்தின் அச்சை மேலே தள்ளி நெரித்தது. கிளம்பியதும் டேஷ்போர்டுக்குள் சிள்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். குன்றக்குடி மலை கண்ணில் படும்போது முள் இரண்டு தடவை துடித்தது, பிறகு ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால் சதுர முனை வட்டமாகத் தேய்ந்திருந்தது, மீட்டர் அச்சும் ஆடியது.

மீட்டர் பின்பக்கத்து நட்டைச் சுற்றி வரி வரியாகக் கீறல் போட்டிருப்பார்கள். அது விரல் பிடிமானத்துக்குத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து எவ்வளவு இறுக்குமோ அவ்வளவு போதும். நட்டைத் தொடுவதற்கு முன்பே அவுட்டரின் கழுத்து மீட்டரின் முதுகோடு இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். படியவில்லை என்றால் கம்பியை ஒரு கால் சுற்றுத் திருப்பி மறுபடி வையுங்கள். நட்டு முதல் மரையிலேயே முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். ஒருமுறை இடப்பக்கமாகத் திருப்பி, மரை 'டக்' என்று விழுந்த பிறகு வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும். கியர்பாக்ஸ் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இறுக்கலாம். அங்கேயும் மரை போய்விட்டால் செலவு பெரிது.

கேபிள் போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6 அங்குல ஆரத்துக்குக் குறைவாக எங்கேயும் வளைக்கக்கூடாது, மீட்டருக்குப் பின்னால் முதல் 2 அங்குலமாவது நேராக வர வேண்டும். சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும், கிளச் பெடல் மிதிபடும் வழியில் வேண்டாம். இன்ஜின் பக்கத்துத் தகட்டு ஓட்டையில் இருந்த ரப்பர் வளையம் உதிர்ந்திருந்தால் புதிது போடுங்கள், தகட்டின் விளிம்பு அவுட்டரை அறுத்துவிடும்.

வேறு வண்டிக் கேபிளை வெட்டி ஒட்டி மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மீட்டரிலும் இதே கதைதான். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரத்தூணும் பீங்கான் ஜாடியும் பார்க்கப் போய், அழகான பழைய மீட்டர் ஒன்று கிடைத்துவிட்டால் மனசு விடாது. வாங்குங்கள், அலமாரியில் வையுங்கள். வண்டியில் மாட்டுவதென்றால் மீட்டரின் முகப்பில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ எத்தனை சுற்று என்பது அது. உங்கள் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் முள் காட்டும் வேகம் பொய்.

கிரீஸ் போடாமலேயே மீட்டருக்குள் எண்ணெய் வந்தால் கேபிளைத் திட்டாதீர்கள். கியர்பாக்ஸ் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கும், அந்த எண்ணெய்தான் சுருளைப் பிடித்து மேலே ஏறுகிறது. சீலை மாற்றாமல் எத்தனை கேபிள் போட்டாலும் அதே கதி.

எல்லாம் மாட்டியதும் பேட்டரியை இணைத்து, ஆளில்லாத சாலையில் ஒரு ஓட்டம் பாருங்கள். நாங்கள் போனது பிள்ளையார்பட்டிப் பக்கம். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 நொடியில் போனால் வேகம் மணிக்கு 60, 72 நொடி என்றால் 50. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் நொடியை எண்ணட்டும்.

பெரியப்பா ஓட்டினார். "இப்ப எழுபது" என்றார். முள் ஆடாமல் 52-ல் நின்றிருந்தது. கல்லுக்குக் கல் எண்ணிப் பார்த்தேன், 72 நொடி. அவர் மீட்டரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நீ இன்னும் சரியா மாட்டலைடா. வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை கழட்டிப் பாரு."